எட்டுப் பேரின் எலும்புகள் எங்கே? – கிரெனடா அரசுக்கு ஒரு திறந்த மடல்

கிரெனடா நாட்டின் பிரதமருக்கும் அமைச்சரவைக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்கள் பிரதமர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழ் உங்களுக்குப் புரியாது என்று தெரியும். எங்கள் ஆட்களும் கூடவே உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் இங்கே தமிழில் எழுதுகிறேன். கரீபியக் கடலில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் உங்கள் தீவை எங்கள் பக்கத்தில் சிலருக்கு ஜாதிக்காயால் தெரியும். கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கும் நாடு அல்லவா. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் செயின்ட் ஜார்ஜஸ் மைதானம் தெரியும். 1983-ல் அங்கே நடந்தது தெரிந்தவர்கள் குறைவு.

எனக்குத் தெரிந்ததும் நாளிதழ் படிக்கும் பழக்கத்தால்தான். அந்த ஆண்டு மார்ச்சில் தில்லியில் அணிசேரா நாடுகளின் மாநாடு. வந்திருந்த தலைவர்களில் தாடி வைத்த, நாற்பது வயதுகூட ஆகாத ஒரு பிரதமர் இருந்தார். மோரிஸ் பிஷப். நவம்பரில் அதே தில்லியில் காமன்வெல்த் மாநாடு நடந்தபோது தலைவர்களெல்லாம் அவருடைய நாட்டைப் பற்றித்தான் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆசிரியர் வேலைக்கு முயன்றுகொண்டிருந்த எனக்கு அந்த இரண்டு செய்திகளும் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு உங்கள் நாட்டைப் பற்றி எது கிடைத்தாலும் படித்துவருகிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. 1983 அக்டோபரில் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் உள்ள ஜார்ஜ் கோட்டையின் மேல்முற்றத்துச் சுவரில் சாத்திச் சுடப்பட்ட, பிஷப் உள்ளிட்ட எட்டுப் பேரின் உடல்கள் எங்கே போயின என்று அமெரிக்க அரசிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் மக்கள் முன் வையுங்கள்.

உங்களுக்கு உங்கள் வரலாற்றை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரெனடா 1974 பிப்ரவரி 7-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அதற்கு இரண்டரை வாரம் முன்பு, ஜனவரி 21 அன்று, தலைநகரில் எரிக் கெய்ரி அரசுக்கு எதிராக ஊர்வலம் நடந்தது. கெய்ரியிடம் ஒரு கூலிப்படை இருந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘மங்கூஸ் கேங்’, கீரிப்படை. அன்றைய வன்முறையில் ரூப்பர்ட் பிஷப் என்ற வியாபாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மகன்தான் மோரிஸ். லண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய வழக்கறிஞர். 1979 மார்ச் 13 அன்று கெய்ரி வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து மோரிஸின் நியூ ஜூவல் இயக்கம் ஆட்சியைப் பிடித்தது. உங்கள் ஊரில் இன்றும் அதை ‘ரெவோ’ என்று செல்லமாகச் சுருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. ஜார்ஜ் கோட்டைக்கு மகன் தன் தந்தையின் பெயரை வைத்தார்: ரூப்பர்ட் கோட்டை.

நாலரை ஆண்டு நடந்த அந்த ஆட்சியைப் பற்றி இரண்டு விதமாகவும் பேச நிறையவே இருக்கிறது. எழுத்தறிவு இயக்கம், பேறுகால விடுப்புச் சட்டம், கியூபாவின் உதவியோடு பாயின்ட் சலைன்ஸில் எழும்பிய விமான நிலையம் எல்லாம் நடந்தன. அரசமைப்புச் சட்டத்தை நிறுத்தி வைத்ததும், தேர்தலே வைக்காததும், டார்ச்லைட் பத்திரிகையை மூடியதும், விசாரணை இல்லாமல் ஆட்களை ரிச்மண்ட் ஹில் சிறையில் அடைத்ததும் அதே ஆட்சிதான். பிஷப்பைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிறவர்கள் இந்த இரண்டாவது பட்டியலை விழுங்கிவிடுகிறார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனாலும் அந்தச் சிறையில் கிடந்தவர்களின் வீடுகளிலும் அம்மாக்கள் இருந்தார்கள்.

1983 அக்டோபரில் கட்சி இரண்டாகப் பிளந்தது. துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்டும் பிஷப்பும் கூட்டுத் தலைமையாக இருக்க வேண்டும் என்று மத்தியக் குழு சொன்னது. பிஷப் முதலில் ஒத்துக்கொண்டு பிறகு தயங்கினார், வீட்டுக்காவலில் வைத்தார்கள். 19-ஆம் தேதி புதன்கிழமை பெருங்கூட்டம் ஒன்று, பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் உட்பட, போய் அவரை மீட்டுக் கோட்டைக்குக் கூட்டி வந்தது. ராணுவம் கவச வண்டிகளில் வந்து கூட்டத்தைச் சுட்டது. உயிர் தப்ப மதிலிலிருந்து குதித்து விழுந்தவர்களும் உண்டு. அன்று மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. கோட்டை கைக்கு வந்ததும் எட்டுப் பேரைச் சுவரோரம் நிறுத்தினார்கள்: மோரிஸ் பிஷப், கல்வி அமைச்சர் ஜாக்குலின் கிரெஃப்ட், யூனிசன் வைட்மன், நோரிஸ் பெயின், ஃபிட்ஸ்ராய் பெயின், கீத் ஹேலிங், எவ்லின் புல்லன், எவ்லின் மெய்ட்லண்ட். தந்தையின் பெயர் தாங்கிய கோட்டைக்குள் மகன் சுடப்பட்டார்.

நாலு நாள் ஊரடங்கு, வெளியே தலை தெரிந்தால் சுடுவோம் என்று வானொலியில் அறிவித்தார்கள். ஊர் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில் உடல்கள் கலிவிக்னி ராணுவ முகாமுக்குப் போயின. குழியில் போட்டு எரித்தார்கள்.

இதுவரைக்கும் பழி உங்கள் சொந்த ராணுவத்தைச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் நான் கேட்கும் கேள்வி தொடங்குகிறது.

அக்டோபர் 25-ல் அமெரிக்கா படையோடு வந்து இறங்கியது. செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் படிக்கும் அமெரிக்க மாணவர்களைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள். குண்டு விழுந்ததில் ரிச்மண்ட் ஹில் மனநல மருத்துவமனையில் குறைந்தது 16 நோயாளிகள் இறந்தார்கள். ஐ.நா. பொதுச்சபை 108-க்கு 9 என்ற வாக்கில் படையெடுப்பைக் கண்டித்தது. உங்கள் மக்களில் மிகப் பலர் அந்தப் படையைக் கைதட்டி வரவேற்றதும் உண்மை. ஊரடங்கில் கிடந்தவனுக்குக் கதவைத் திறந்துவிடுபவன் யாராயிருந்தால் என்ன? தூரத்தில் உட்கார்ந்து அவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை.

நவம்பரில் அமெரிக்கப் படையினர் கலிவிக்னி குழியைத் தோண்டி மிச்சங்களை எடுத்தார்கள். எடுத்தவை அதே மருத்துவக் கல்லூரிக்குப் போயின. யாரைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்னார்களோ அவர்கள் படித்த கல்லூரி. அமெரிக்க ராணுவத்தின் உடற்கூறு வல்லுநர்கள் பரிசோதித்தார்கள். அதற்குப் பிறகு அந்த எலும்புகள் எங்கே? நகரக் கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாமல் புதைத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சிலர். எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு அநாதைப் பிணத்தை எடுத்தால்கூட மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது, யார் பொறுப்பில் எடுத்தது, எங்கே அடக்கம் என்று ஒரு தாளாவது இருக்கும். ஒரு நாட்டின் பிரதமருடைய உடலுக்கு அந்தத் தாள் இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். தாள் இருக்கிறது. யாரோ எடுத்துக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். நான் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரன். என் சின்னம்மாவின் வீட்டுக்காரர் புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவர், வரவில்லை. உடல் ஒதுங்கவும் இல்லை. தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சின்னம்மா சம்மதிக்கவில்லை. தாலியைக் கழற்றவும் இல்லை. பத்துப் பதினோரு ஆண்டு, வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பார். செத்துவிட்டார் என்று அவருக்கும் தெரியும். தெரிவதும் பார்ப்பதும் ஒன்றில்லை. கடல் கொண்டுபோன உடலுக்குக் கடலிடம் கேட்க முடியாது என்று பிறகு ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார். உங்கள் எட்டுப் பேரைக் கடல் கொண்டுபோகவில்லை.

மோரிஸின் தாய் அலிமென்டா பிஷப் கணவரை ஜனவரியிலும் மகனை அக்டோபரிலும் துப்பாக்கிக்குக் கொடுத்தவர். கணவரை அடக்கம் செய்தார். மகனுக்காக முப்பது ஆண்டு காத்திருந்து 2013-ல் கண்ணை மூடினார்.

நீதிமன்றம் எல்லாவற்றையும் முடித்துவிட்டதே என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த வழக்கைத்தான் கொஞ்சம் பார்ப்போம். உங்கள் பிரதமர் டிக்கன் மிட்செல் வழக்கறிஞர். நான் பிசகினால் திருத்தட்டும். பதினெட்டுப் பேர் மீது வழக்கு நடந்தது, ஒருவர் விடுவிக்கப்பட்டார், பதினேழு பேர் தண்டிக்கப்பட்டார்கள். விசாரித்த நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் கீழ் வந்த நீதிமன்றமே அல்ல. புரட்சி அரசு தனக்காக உண்டாக்கியது. ‘அவசியம் கருதி’ என்ற கோட்பாட்டைச் சொல்லி அதையே வைத்து நடத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அதை ஏற்கமாட்டோம் என்றார்கள், வழக்கறிஞர்கள் விலகினார்கள், வழக்கின் பெரும்பகுதி எதிர்தரப்பு வாதம் இல்லாமலே நடந்தது. அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்ற புகார் இருந்தது. அமெரிக்கப் படை அள்ளிக்கொண்டு போன அரசு ஆவணங்கள் எதிர்தரப்புக்குக் கிடைக்கவில்லை. 1986 டிசம்பரில் 14 பேருக்குத் தூக்கு, மூவருக்குச் சிறை. 1991-ல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. லண்டனில் உள்ள கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போகலாம் என்றால் அந்த வழியைப் புரட்சி அரசே 1979-ல் அடைத்திருந்தது. நாடு பழைய நீதிமன்ற முறைக்குத் திரும்பிய பிறகும் இவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2003-ல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் இந்த விசாரணை முறையாக நடக்கவில்லை என்று தனி அறிக்கையே எழுதியது.

விசாரணை இல்லாமல் ஊராரைச் சிறையில் போட்டவர்கள், லண்டன் மேல்முறையீட்டை ஒழித்தவர்கள், அதே சிறையில் அந்த மேல்முறையீடு இல்லாமல் கிடந்தார்கள். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று எங்கள் பக்கத்தில் உடனே சொல்லிவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழமொழிக்குச் சாட்சியும் குறுக்கு விசாரணையும் வேண்டாம், நீதிமன்றத்துக்கு வேண்டும். அவர்கள் செய்தது கொடுமை என்பதால் அவர்களுக்கு நடந்த விசாரணை ஒழுங்காகிவிடாது.

பல சுற்றுக்குப் பிறகு 2007 பிப்ரவரி 7-ல், உங்கள் சுதந்திர நாளன்று, பிரிவி கவுன்சில் வேறு வழியாக உள்ளே வந்தது. வேறு தண்டனைக்கு இடமே கொடுக்காத கட்டாயத் தூக்கு அரசமைப்புக்கு விரோதம்; ஆகவே அதைக் குறைத்துக் கொடுத்ததும் செல்லாது; தண்டனையை நீதிமன்றம் புதிதாக நிர்ணயிக்கட்டும் என்றது. இந்த விவகாரம் அரசியலில் அவ்வளவு தோய்ந்தது, எந்தக் கிரெனடா அரசும் இதை நடுநிலையோடு பார்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை அவர்களுக்கு. 2009 மே மாதம் விமான நிலையத்துக்கு மோரிஸ் பிஷப் பெயர் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கடைசி ஏழு பேர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். கொல்லப்பட்டவருக்குப் பெயர்ப்பலகையும் தண்டிக்கப்பட்டவர்களுக்கு விடுதலையும் ஒரே ஆண்டில் கிடைத்தன. குழியிலிருந்து எடுத்த எலும்புகளைப் பற்றி அந்த ஆண்டும் யாருக்கும் தகவல் இல்லை.

அதற்கு முன்பே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஒன்று இருந்தது. கயானாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி டொனால்ட் டிராட்மன் தலைமையில் உட்கார்ந்து 2006-ல் அறிக்கை கொடுத்தது. அந்த ஆணையத்தைவிட என்னைக் கவர்ந்தது வேறு ஒரு விசாரணை. பிரசன்டேஷன் பிரதர்ஸ் கல்லூரிப் பையன்கள் சிலர், ஆசிரியர் ஒருவரின் துணையோடு, வீடு வீடாகப் போய் அன்று லாரி ஓட்டியவர் யார், குழியைப் பார்த்தவர் யார், மிச்சங்களைக் கையில் வாங்கியவர் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அது மோரிஸ் பிஷப் படித்த பள்ளி. முப்பத்திரண்டு ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பையன்களுக்கு முழு மதிப்பெண். அமைச்சரவைகளுக்கு எத்தனை போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்களைப் பாராட்டவும் வேண்டும். 2023-ல், நாற்பதாம் ஆண்டில், அக்டோபர் 19-ஐ நாட்டு வீரர்கள் நாளாக்கி விடுமுறை விட்டீர்கள். எளிதான காரியம் அல்ல என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் உங்கள் நாட்காட்டியில் அக்டோபர் 25-ம் விடுமுறை, அமெரிக்கப் படை வந்ததற்கான நன்றி நாள். சுடப்பட்டவர்களுக்கு ஒரு நாள். ஆறு நாள் கழித்து, அவர்களுடைய எலும்பைத் தோண்டி எடுத்துப் பதில் சொல்லாமல் போனவர்களுக்கு ஒரு நாள். இரண்டாவதை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. நன்றி சொல்லும் நாளில் கேள்வியும் கேட்கலாம், நண்பர்களிடம்தானே கேட்கிறீர்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவுக்காரியம் அல்ல. வாஷிங்டனுக்கு அரசு முத்திரையோடு ஒரு கடிதம்: 1983 நவம்பரில் எடுத்த மிச்சங்களின் பரிசோதனை அறிக்கை முழுதாக, புகைப்படங்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற விவரம். அதே கேள்வி மருத்துவக் கல்லூரிக்கும். அது உங்கள் மண்ணில், உங்கள் உரிமத்தில் நடக்கிற கல்லூரி. பிறகு, சம்பந்தப்பட்ட குடும்பங்களில் இன்று உயிரோடு இருப்பவர்களிடம் டிஎன்ஏ மாதிரி வாங்கி வையுங்கள். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் வயதாகிக்கொண்டு போகிறார்கள். இதில் தாமதம் செய்தால் பிறகு எலும்பே கிடைத்தாலும் யாருடையது என்று சொல்ல முடியாது. எரிந்த எலும்பில் ஒன்றும் தேறாமலும் போகலாம். அதைச் சோதித்துப் பார்த்தவர் சொல்ல வேண்டும். அர்ஜென்டினாவின் தடயவியல் மானுடவியல் குழு 1984 முதல் இதே வேலையாக இருக்கிறது. பொலிவியாவில் கொல்லப்பட்டு ரகசியமாகப் புதைக்கப்பட்ட சே குவேராவை முப்பது ஆண்டு கழித்து, 1997-ல், வாயேகிராண்டேயில் ஓடுதளத்துக்குப் பக்கத்துக் குழியிலிருந்து எடுத்தார்களே. முடியாது என்று நினைத்த காரியம்தான் அதுவும்.

விசாரணை என்று ஒன்று வைத்தால் திறந்த அரங்கில் வையுங்கள். வானொலியில் நேரடியாகப் போகட்டும். சிறையிலிருந்து வந்தவர்களையும் அழையுங்கள். லாரியிலிருந்து குழி வரைக்குமான கதை அவர்கள் தரப்பிலும் இருக்கிறது. தண்டனை முடிந்துவிட்டது; இனி மறைக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று, சற்று விலகித்தான். 2016-ல் அரசமைப்புச் சட்டத்தின் ஏழு திருத்தங்களுக்கும், 2018 நவம்பரில் பிரிவி கவுன்சிலுக்குப் பதில் கரீபிய நீதிமன்றத்தை ஏற்கும் திருத்தத்துக்கும் உங்கள் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். எல்லாவற்றையும் தோற்கடித்தார்கள். லண்டன் நீதிபதிகளே எங்களுக்கு மேல் என்று ஒரு சுதந்திர நாட்டின் மக்கள் வாக்களித்தது அடிமைப் புத்தி என்று எழுதினவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கட்சி 15-க்கு 15 இடமும் பிடித்து எதிர்க்கட்சி வரிசையே காலியாகக் கிடந்த நாடாளுமன்றத்தை மூன்று முறை பார்த்தவர்கள் அவர்கள். 1999, 2013, 2018. ஊரிலேயே எல்லாம் முடிந்துவிட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது என்ற பயம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் தூக்கு இன்னமும் இருக்கிறது. 1978-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. அதையும் எடுத்துவிடலாம். ஆனால் அது வேறு மடல்.

பாயின்ட் சலைன்ஸில் இறங்குகிற ஒவ்வொரு பயணியும் மோரிஸ் பிஷப் பெயர் தாங்கிய நிலையத்தில்தான் இறங்குகிறார். உறவினர்கள் அக்டோபர் 19-ல் பூ வைக்கக் கோட்டைச் சுவருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது, குண்டு பட்ட இடத்துக்கு. வேறு இடம் இல்லை.

கடிதத்தை எழுதுங்கள். எழுதிய தேதியையும் படியையும் வெளியிடுங்கள். எழுதுவதில்லை என்று தீர்மானித்தால் அந்தத் தீர்மானத்தையும் நாடாளுமன்றத்தில் காரணத்தோடு பதிவு செய்யுங்கள். என்னுடைய ஆங்கிலப் படி போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வரி வந்தால் போதும். உறையின் பின்புறம் முகவரி எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்